பத்து முழம்

எங்கள் கடை நல்லெண்ணெய் ஒருநாளும் காறல் அடித்ததில்லை, ஐயா. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்துபோகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேரருவிக்குப் போகிற பாதையில் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை. தென்காசிச் செக்கிலிருந்து நானே நின்று ஆட்டிக் கொண்டுவருவேன். உழக்கு கேட்டால் உழக்கு தளும்ப இருக்கும். இந்தச் சிவனணைந்தபெருமாள் அளவில் ஏமாற்றினான் என்று இந்த இருபத்திரண்டு வயதுக்குள் ஒருத்தரும் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்குக் கோபதாபமே கிடையாது போலிருக்கிறது என்று ஏட்டையாவிடம் சொன்னீர்கள். அது சரியில்லை. எனக்கு நிறையக் கோபம் உண்டு. மூன்று வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். சத்தம் போட்டுக் காட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

தாழைமடுவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேரருவிக்கு மேலே, செண்பகா அருவிக்குப் போகிற வழியில், பாதையை விட்டு வலப்பக்கம் இறங்க வேண்டும். மடுவை ஒட்டி மொட்டைப்பாறை நாலு ஆள் உயரம் நிற்கிறது. அதன் அடியிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு ஏழு முழம் நீண்டு கிடக்கிறது. பன்னிரண்டு முழத்துக்கு அப்பால் எதிர்க்கரைப் பாறை வந்துவிடும். நடுவில் இருக்கிற ஐந்து முழம்தான் ஆழம். பத்தாவது முழத்தில் போய் விழுகிறவன் கெட்டிக்காரன்.

தண்ணீர் எப்போதும் நுரைத்துக் கிடப்பதால் திட்டு கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாகப் பாய்கிறவனுக்குத் தான் எங்கே விழுந்தோம் என்பதும் தெரியாது. அதனால் பக்கத்துக் கரையோரம் ஒரு பனைநார்க் கயிறு கட்டியிருப்பார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி. கயிற்றுக்கு நேரே ஒருத்தன் உட்கார்ந்து, கை எந்தத் துணிக்கு நேராகத் தண்ணீரில் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டு, ஆள் தலை வெளியே வந்ததும் எண்ணைச் சொல்வான். அவனுக்கு முழம் சொல்லுகிறவன் என்று பேர். குதிக்கிற ஒருத்தனுக்கு முழம் சொல்ல ஒருத்தன்தான். வேறு யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, சீசனுக்கு வந்த பங்களாக்காரர்கள் முன்னால் போட்டி நடக்கும்போது கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் அந்தப் பத்து முழம் காலுக்குப் பழகியிருக்க வேண்டும்.

பதினைந்து வயதிலிருந்து நாலு வருஷம் தொடர்ந்து ஜெயித்தவனுக்குப் போர்த்துகிற பட்டு வேட்டியை நான்தான் வாங்கினேன். எனக்கு மூசா முழம் சொல்லுவான். சீசனில் மங்குஸ்தான் விற்கிறானே, அந்த மூசா. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருப்பான். பத்து என்பான், ஒன்பது என்பான், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. நான் கேட்டுக்கொண்டு மறுபடி ஏறுவேன். எப்படிக் குதிக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏறுவேன், குதிப்பேன், அவ்வளவுதான். அந்த நாலு வருஷம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகுதான் ஆவுடையம்மாள் அக்காளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தாணுமாலயன், மதராஸில் தேகப் பயிற்சி படித்துவிட்டு வந்து தென்காசியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். குடி கிடையாது, பொய் கிடையாது, அக்காளை ஒரு வார்த்தை கடிந்து பேசினது கிடையாது. அந்த மனிதரிடம் ஒரே ஒரு குறைதான். ஒருத்தன் ஒரு காரியம் செய்வதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

முதல் தடவை நான் குதித்ததைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, நல்லாத்தாம் இருக்கு, ஆனா முட்டு மடங்குது" என்றார். மறுநாள், நாடி தூக்கி நிற்கிறது என்றார். அதற்கு மறுநாள் கால்விரல். தலை வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "நாடிய நெஞ்சோட ஒட்டுலே. கையி ரெண்டும் ஒண்ணா இல்ல பாரு. மூச்ச எங்கன பிடிக்க நீ? இடுப்புல ஒரு கோணல் இருக்கு, சொல்லுதேன் கேளு." ஒரு குதிக்கு ஏழு குற்றம், எட்டுக் குற்றம். என் உடம்புக்கு அது சரியாகத்தான் படுகிறது என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தார். "உடம்பு பொய் சொல்லும் மாப்ளே. பாக்குதவன் கண்ணு பொய் சொல்லாது" என்றார்.

மூசாவுக்கே பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அவன விடுங்க, அவம்பாட்டுக்குக் குதிக்கட்டும்" என்றான். அத்தான் அவனுக்கும் பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். அன்றோடு மூசா மங்குஸ்தான் கூடையோடு போய்விட்டான்.

வீட்டிலும் அதே கதைதான். சோறு பிசைகிற கை, எண்ணெய் டின் தூக்குகிற தோள், நடக்கும்போது குதிகால். காது புளித்துப் போயிற்று. அக்காள் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரியும். வெளியே, சரி அத்தான், என்பேன்.

முப்பத்தைந்தாம் வருஷத்துப் போட்டியன்று மொட்டைப்பாறை நுனியில் போய் நின்றேன். முன்பெல்லாம் அங்கே நின்றால் ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு முட்டு ஞாபகம் வந்தது. பிறகு நாடி, கை, கால்விரல், மூச்சு, இடுப்பு. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. என் கால் எனக்கே அடுத்தவன் கால் மாதிரி இருந்தது. கீழேயிருந்து அத்தான் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "முட்டு, மாப்ளே, முட்டு" என்று கத்தினார். நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் திரும்பி உட்கார்ந்து, பாறையில் குண்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

பலாச்சுளை விற்கிற மூக்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏலே பெருமாளு, ஏணி கொண்டாரட்டுமா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த வருஷம் முழுக்க, எண்ணெய் வாங்க வந்தவன் எல்லாம் என்னிடம் ஏணி கேட்டான்.

அன்றைக்கு என் பேர் கெடக் கூடாதே என்று அத்தானே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். அதுவரைக்கும் அவர் அந்தப் பாறையிலிருந்து குதித்ததே இல்லை. ஒன்பது முழத்தில் விழுந்தார். பட்டு வேட்டியை அவருக்குப் போர்த்தினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஒன்னத் திருத்தத் திருத்த எனக்கே வந்துட்டு, பாத்தியா" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அவருக்கு நான் முழம் சொன்னேன். "நம்ம வீட்டு ஆளு கண்ணுதாம் எனக்கு நம்பிக்க" என்று அவரே கூப்பிட்டார். முப்பத்தாறு, முப்பத்தேழு, இரண்டு வருஷமும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது என்றால் ஒன்பது. அவருடைய உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் முட்டும் மடங்கத்தான் செய்தது. நான் சொல்லவில்லை. அதனால்தான் அவர் அப்படித் தேறினார் என்பது அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாது.

முப்பத்தேழில் வேட்டியைப் போர்த்திக்கொண்டு, பங்களாக்காரர்கள் முன்னால் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "இவம் என் மச்சினன். இவம் கண்ணு இல்லன்னா நான் இல்ல. இவனுக்குக் குதிக்கத்தாம் வராது, எண்ண நல்லா வரும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கும்பிடு போட்டேன். குதிக்க வராது. நாலு வருஷம் அந்த மடுவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. என் காலை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எனக்குக் குதிக்க வராது என்று ஊர் முன்னால் சொல்கிறார். வயிறு எரிந்தது, ஐயா. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் பழக ஆரம்பித்தோம். விடிந்ததும் போவோம், அவரும் நானும் மட்டும். முதல் ஏழெட்டு நாள் ஒழுங்காகச் சொன்னேன். இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன். தொண்டை கட்டிவிட்டது என்று ஜாடை காட்டினேன். தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "சொல்லுலே, எத்தன? சொல்லுலே" என்று பரிதவித்தார். மறுபடி ஏறினால் தாறுமாறாக விழுந்தார், ஒருமுறை ஒன்பது, ஒருமுறை பதினொன்றரை. பால் குடித்துப் பழகின பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கால் இல்லை. என் சொல்தான் அவருக்குக் கால்.

பிறகு சொல்ல ஆரம்பித்தேன். சரியாகப் பத்தில் விழுந்தார். பத்தரை என்றேன். அடுத்த குதியில் அவராகவே கொஞ்சம் சுருக்கி ஒன்பதரையில் விழுந்தார். பத்து என்றேன், பேஷ் அத்தான் என்றேன். அந்த ஒன்பதரை அவர் காலில் நன்றாக ஊறுகிற வரைக்கும் நாலு நாள் விட்டுவிட்டேன். பிறகு மறுபடியும் பத்தரை என்றேன். எப்போது பார்த்தாலும் பத்து என்றால் சந்தேகம் வருமே, இடையிடையே பத்தேகால் என்றும் ஒன்பதே முக்கால் என்றும் போட்டுக்கொண்டேன். அவசரப்படவில்லை. ஒரு மனிதனை ஒரே நாளில் மாற்ற முடியாது. மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவனாக மாறிவிடுவான். இதையும் நான் அவரிடம்தான் படித்தேன்.

ஆடி கடைசியில் எட்டரை முழத்துக்கு வந்துவிட்டார். ஒருநாள் கரையேறி வந்தவர் தலையைத் துவட்டாமல் நின்றார். "என்ன மாப்ளே, இன்னிக்குப் பாறைகிட்டக்க விழுந்தாப்புல இருக்கே. தண்ணி பாறையில மோதுத சத்தம் காதுல ஒறைக்குது" என்றார். அவருடைய உடம்பு அவரிடம் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "பத்து, அத்தான். உடம்பு பொய் சொல்லும்னு நீங்கதான சொன்னிய?" காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அடேயப்பா, எனக்கே பாடஞ் சொல்லுதியே" என்று சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பான். அவருக்குத் தன் பாடத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

போட்டிக்கு முதல்நாள் காலையில் அக்காள் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மடுவுக்கு வந்தாள். எனக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி நின்றாள். அத்தான் குதித்தார். சரியாக எட்டு. அதற்கு மேல் ஒரு விரற்கடை இல்லை. தலை வெளியே வந்தது. "பதினொண்ணு, அத்தான். எதிர்ப்பாறை பக்கம் போறிய. நாளைக்கு ஒரு முழம் சுருக்கிக்கிடுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு அதுதான் கடைசிக் குதி.

அவர் கரையேறுவதற்குள் அக்காள் கிட்டே வந்து, "ஏலே, எட்டாவது துணிகிட்டதான விழுந்தாவ?" என்று மெல்லக் கேட்டாள். "அங்கனருந்து பாத்தா கோணலாத்தாம்க்கா தெரியும். வாயத் தொறக்காத, வழக்கம் இல்ல" என்றேன். அக்காளுக்கு வழக்கம் என்றால் பயம். அத்தானுக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள், துண்டை வாங்கிப் பிழிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். கயிறு இல்லாவிட்டாலும் முழம் சொல்லுகிறவன் அவன் இடத்தில் உட்காருவான், அது மரியாதைக்கு. பாறை நுனியில் நின்றுகொண்டு அத்தான் என்னைப் பார்த்தார். குதிப்பதற்கு முன்னால் அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பது உண்டு. நான் தலையை அசைத்தால் குதிப்பார். கையைத் தூக்கினால் இறங்கிவிடுவார். என் கை மடியில்தான் இருந்தது. தூக்கியிருக்கலாம், ஐயா. பாரமாக எல்லாம் இல்லை. நான் தலையை அசைத்தேன்.

அழகாகக் குதித்தார். முட்டுகூட மடங்கவில்லை.

அவர் தலை வெளியே வரவில்லை. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலப் பத்து என்று சொன்னேன். மூசா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். முதலில் பாய்ந்ததும் அவன்தான். திட்டின் மேலே, முழங்கால் தண்ணீரில் அத்தானைத் தூக்கிக்கொண்டு நின்றான். "பெருமாளு, நீ இங்கன வராத, பாக்காத" என்று அழுதான். நான் போய்ப் பார்த்தேன். ஏழு முழம்தான் இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. கயிறு இல்லாமலே.

கால் வழுக்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. காரியங்கள் எல்லாவற்றையும் கூட நின்று செய்தேன். பதினாறாம் நாள் கழிந்து, அக்காள் யாரிடமும் சொல்லாமல் மடுவுக்குப் போயிருக்கிறாள். மூசாவைக் கயிறு கட்டச் சொல்லி, கல்லை எறியச் சொல்லி, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். "அங்கனருந்து பாத்தாலும் எட்டு எட்டாத்தாம்லே தெரியுது" என்றாள். நான் உழக்கைத் துடைத்து வைத்தேன். "சொல்லுலே. நீ என்ன சொன்ன அவுககிட்ட?" என்றாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டு, அந்தக் கையோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள் கொடுத்த புகார் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. தாலி அறுந்தவளுக்கு வேறு என்ன செய்ய முடியும்? அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நான் அவரைத் தள்ளவில்லை. தொடவுமில்லை. ஒரு எண்ணைச் சொன்னேன், அதற்கு அடுத்த எண்ணைச் சொன்னேன். அவருக்குத் தன் உடம்பு இருந்தது, அது சொன்னதை அவர் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் சாக வேண்டும் என்று தெரிந்துதான், இருபது நாளுக்கு மேலாக யோசித்துத்தான் சொன்னேன். கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன், மாஜிஸ்திரேட் ஐயா முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

இனிமேல் என் காலில் யாரும் குறுக்கிட மாட்டார்கள் என்றுதான் அதைச் செய்தேன். அதுவும் நடந்தது. கருமாதி முடிந்த மறுநாள் தனியாக மடுவுக்குப் போனேன். மொட்டைப்பாறையில் ஏறினேன். கால் என் காலாகவே இருந்தது. முட்டு, நாடி ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குதித்தேன். அந்தப் பழைய குதி அப்படியே வந்துவிட்டது, எனக்கு அப்படித்தான் பட்டது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு, எத்தனை என்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தம்தான் இருந்தது. மறுபடி ஏறிக் குதித்தேன். அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை குதித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருந்த மாதிரிதான் இருந்தது. நன்றாக இருந்ததா என்று தெரியவில்லை. மூசாவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். அக்காளுக்குக் கல் எறிந்துவிட்டு வந்திருந்த அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

இடத்தைக் காட்டச் சொல்லி நாளைக்கு என்னை அங்கே அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். விலங்கைக் கழற்றி, ஒரே ஒரு குதி குதிக்க விடுங்கள். ஓடிப்போக மாட்டேன், ஓடுவதற்கு அங்கே வழியும் இல்லை. நீங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்து, எத்தனை முழம் என்று எனக்குச் சொன்னால் போதும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஐயா. கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. குதிக்கிறவன் பாவம், உங்களை நம்பித்தானே குதிக்கிறான்.